இரண்டாவது பூட்டின் சாவி

எழுபதுகளின் கடைசியில், ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்தது இது. அப்போது நான் ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், இப்போதும் அங்கேதான். சந்தவாசலில் வீடு. தினமும் பஸ்ஸில் வந்து போவேன். தீபாவளி நெருங்கினால் ஆரணிக்கு ஒரு படபடப்பு வந்துவிடும். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் வேகம் பிடிக்கும். நடந்து போகிறவனின் நடையும் தன்னை அறியாமல் அந்தத் தாளத்துக்கு மாறிப்போகும். அந்த வருடம் எனக்குக் கால் மட்டும் இல்லை, மனசும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. காரணம் ஒரு சாவி.

பெரிய வேலைப்பாடு ஒன்றும் இல்லாத இரும்புச் சாவி. விரல் நீளம் இருக்கும். அதன் காதில் கிளிப்பச்சைப் பட்டு நூல் ஒன்றை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பச்சையை நான் கனவில்கூடப் பார்த்திருக்கிறேன்.

சங்கத்தின் பின்பக்கம் சரக்கு அறை இருந்தது. பட்டு நூல், சரிகை, நெய்து வந்து சேர்ந்த சேலைகள் எல்லாம் அதற்குள்தான். ஊரில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் தறிக்குழியில் கால் வைத்து மிதித்த மிதியெல்லாம் அங்கே மடிப்புக் கலையாமல் அடுக்கி இருக்கும். அந்தக் கதவுக்கு மேலே ஒரு தாழ், கீழே ஒரு தாழ். மேல் பூட்டின் சாவி மேனேஜரிடம். கீழ்ப் பூட்டின் சாவி ஊழியர்களில் ஒருவரிடம். மேனேஜர் தனியாக வந்தாலும் கதவு திறக்காது, ஊழியர் தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டு சாவியும் ஒரு கையில் சேரவே கூடாது என்பது சங்கத்தின் சட்டம். எப்போதோ, எங்களுக்கெல்லாம் முந்தைய காலத்தில், சரிகை குறைந்துபோய், பழி யார் மேல் என்று தெரியாமல் எல்லோர் மேலும் விழுந்ததாம். அதிலிருந்து இந்த ஏற்பாடு.

அதோடு எழுதாத வழக்கம் ஒன்றும் இருந்தது. சாயங்காலம் பூட்டியதும் அவரவர் பூட்டை அவரவர் இழுத்துப் பார்க்க மாட்டார்கள். மேனேஜர் குனிந்து ஊழியரின் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஊழியர் எட்டி மேனேஜரின் பூட்டை இழுத்துப் பார்ப்பார். சங்கத்தில் மற்ற நேரமெல்லாம் அவர் உட்கார்ந்திருப்பார், நாங்கள் நிற்போம். அந்தக் கதவு முன்னால் மட்டும் இரண்டு பேரும் நிற்பார்கள், அதிலும் குனிகிறவர் மேனேஜர். எனக்கு அது ஒரு சின்ன பூஜை மாதிரி தெரியும். தள்ளி நின்று பார்ப்பேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் கீழ்ப் பூட்டின் சாவியை வைத்திருந்த பெரியவர் ஓய்வு பெற்றபோது, அடுத்தது நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சொல்கிறவர்கள் வாயை அடைக்கவும் இல்லை. மேனேஜர் என்னைவிட வயதில் சின்னவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தவன் நான். அவர் கை நீளும், ஃபைல் அங்கே இருக்கும். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நான் முடித்து வைப்பேன். அவர் கொண்டுவந்த எந்த யோசனைக்கும் என் தலை மேலும் கீழும்தான் ஆடியிருக்கிறது. இப்படிப்பட்ட ஆளிடம் தராமல் வேறு யாரிடம் தருவார்?

டீச்சரம்மாவிடம் தந்தார்.

டீச்சரம்மா என்பது பட்டப்பெயர். சேவூர்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார், அதனால் எங்களுக்கெல்லாம் டீச்சரம்மா. எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர், வயதிலும் இளையவர். வீட்டில் கணவர் தறியில் உட்காருவார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவருக்கு. சங்கத்தின் முன்வாசலில் நின்று பேசினால் பின்வாசலில் பதில் சொல்லலாம்.

அன்றைக்கு நான் மேனேஜரின் மேசைக்குப் பக்கத்தில், கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கையெழுத்தைப் போட்டார், பேனாவை மூடினார், டீச்சரம்மாவைக் கூப்பிட்டார், என் முழங்கையைத் தாண்டிக் கையை நீட்டி அந்தச் சாவியை அவரிடம் கொடுத்தார். அந்தக் கை என் முழங்கையை உரசிப் போனது. அந்த இடம் எனக்கு ரொம்ப நாள் தனியாகத் தெரிந்தது.

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் காதில் இருந்தது. டீச்சரம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பார். வளையலில் படும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அறையின் எந்த மூலையில் அவர் இருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். மழை பெய்தாலும், வாசலில் நெசவாளர்கள் கூடி நின்று பேசினாலும், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஒரு சத்தம் என்னைத் தேடிக்கொண்டு வரும். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்றுகூட நினைத்தேன். வளையல் போட்ட பெண் வளையல் போட்ட மாதிரி நடக்காமல் வேறு எப்படி நடப்பார்? அதெல்லாம் இப்போது தெரிகிறது.

வீட்டில் புலம்பினேன். என் மனைவி கொஞ்ச நாள் கேட்டார். பிறகு ஒரு நாள் பீரோ சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "இந்தாங்க. சாவிதான வேணும்? வச்சிகினு நிம்மதியா சாப்பிடுங்க" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தேன்.

ஆனால் சாவியைவிட என்னை அதிகம் வருத்தியது வேறு ஒன்று. டீச்சரம்மாவுக்காக மேனேஜர் காத்திருந்தார். ஒரு மத்தியானம் காஞ்சிபுரத்திலிருந்து யாரோ வந்து சேலை பார்க்க வேண்டும் என்றபோது, மேனேஜரே எழுந்து பின்பக்கம் வந்தார். டீச்சரம்மா டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் நாலு வாய் இருக்குங்க சார். முடிச்சிட்டு வந்துடறேன். சாவிய இங்கியே வச்சிட்டா நீங்களே தொறந்துக்குவீங்க, அப்புறம் எதுக்கு ரெண்டு பூட்டு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. பிறகு அவரும் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று தெருவைப் பார்த்தார். ஒரு மேனேஜர், எழுத்தர் ஒருவர் சாப்பிட்டு முடிக்கக் காத்து நிற்கிறார். எனக்காக யாரும் எதற்கும் காத்து நின்றதில்லை. நான் யாரையும் காக்க வைத்ததும் இல்லை, அதுதான் என் பெருமை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தப் பெருமை என் கையில் ஆறிப்போன காபி மாதிரி இருந்தது.

தீபாவளிக்குச் சில வாரம் இருக்கும்போது அந்த நாள் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு டீச்சரம்மாவின் மச்சான் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து நின்றார். டீச்சரம்மாவின் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அக்கா வந்தால்தான் ஆச்சு என்று அழுகிறாள் என்றார். டீச்சரம்மா அப்படியே எழுந்துவிட்டார். ஆனால் சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கடையின் ஆட்கள் வருவதாக இருந்தது. தீபாவளிச் சரக்கு மொத்தமும் அவர்கள் எடுத்தால்தான் நெசவாளர்களுக்குப் பண்டிகை. சரக்கு அறையைத் திறக்காமல் முடியாது.

மேனேஜர் அவசரமாக வந்தார். சாவியைத் தந்துவிட்டுக் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, டீச்சரம்மாவுக்கும் இருந்திருக்காது.

"உங்க கையில குடுக்க முடியாதுங்க சார்."

"என்னம்மா, என்னை நம்பலையா?"

"நம்பறதுக்கும் இதுக்கும் இன்னாங்க சார் சம்மந்தம்? உங்க சாவிய நீங்க என் கையில குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். தங்கை வலியில் துடிக்கிறாள், மச்சான் வாசலில் மணி அடித்துக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்திலும் சொன்னார். மேனேஜரின் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. முகம் சிவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டோம்.

அப்போது வளையல் சத்தம் என் பக்கம் வந்தது. நிமிர்ந்தால் டீச்சரம்மா. இடுப்பிலிருந்து சாவியை உருவி என் மேசை மேல் வைத்தார். "நான் வர்ற வரைக்கும் இது உங்களுதுங்க சார். யார் கேட்டாலும்..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். முடிக்காமலே ஓடி சைக்கிளில் ஏறிவிட்டார்.

நான் அந்தப் பச்சை நூலைத் தொட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். எழுந்து நின்று, என் சட்டைப் பையில் போட்டு, எடுத்து, பிறகு வேட்டி மடிப்பில் செருகி, மறுபடியும் எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். எங்கே வைத்தாலும் போதவில்லை. எத்தனை மாதம் காதால் கேட்ட சத்தம், இப்போது உள்ளங்கையில்.

பெங்களூர்க்காரர்கள் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார்கள். மேனேஜர் மேல் பூட்டைத் திறந்தார், நான் கீழ்ப் பூட்டைத் திறந்தேன். கதவு உள்ளே போனபோது பட்டின் வாசனை முகத்தில் வந்து மோதியது. அந்த வாசனைக்கு நானும் ஒரு சொந்தக்காரன் என்று தோன்றியது. சேலைகளை விரித்தோம். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. அவர்கள் டீ குடித்தார்கள், மடிப்பை விரலால் தேய்த்தார்கள், ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். பாதி பார்த்ததும், ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் பார்க்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்ததை மேனேஜர் பார்த்துவிட்டார். சந்தவாசல் பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருந்தது. அதை விட்டால் அப்புறம் எனக்கு ஒழுங்கான பஸ் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அவரும் களைத்திருந்தார். காலர் எல்லாம் வேர்வை.

"உங்க பஸ் போயிடும் சார். சாவியைக் குடுத்துட்டு கிளம்புங்க. அவங்க வந்தா நானே காட்டிப் பூட்டிக்கறேன்."

அவர் வாக்கியத்தை முடித்தபோது சாவி ஏற்கெனவே அவர் உள்ளங்கையில் இருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்துக் கொடுத்தேன் என்றால்கூட ஒரு மரியாதை இருக்கும். அவருக்கு வேண்டும் என்று தெரிந்ததும் என் கை போய்விட்டது, ஃபைல் போகிற மாதிரி. இன்னும் சொன்னால் எனக்கு அந்த நிமிடம் சந்தோஷம்கூட. டீச்சரம்மா மாதிரி நான் முரண்டு பிடிக்கவில்லை, பாருங்கள் சார், என்று என் கை சொன்னது.

மேனேஜர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் அவருடைய சாவி ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் பச்சை நூலோடு இன்னொன்று. இரண்டும் ஒரு கையில். கேட்டது அவர்தான், கேட்டதே தப்பு என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பிறகு என் கையைப் பிடித்து, விரலை விரித்து, அந்தச் சாவியைத் திரும்ப வைத்து மூடினார்.

"மத்தியானம் அந்தம்மா மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா சார்? ஆனா இந்தச் சரக்கை வச்சுக்கிட்டு நான் நிம்மதியாத் தூங்கறதே அவங்களாலதான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் தப்பான பக்கம் நடந்தா நீங்க குடை பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே வருவீங்க. அவங்க குறுக்க நிப்பாங்க. அதுக்குத்தான் சாவி அவங்ககிட்ட."

திட்டவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் திருப்பி மனசுக்குள் திட்டியிருப்பேன். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

பஸ் போய்விட்டது. பெங்களூர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள், மீதியும் பார்த்தார்கள், தீபாவளிச் சரக்கு முழுவதையும் தங்களுக்கே ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தினோம். அவர் மேலே பூட்டினார், நான் கீழே பூட்டினேன். அவர் குனிந்து என் பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். தாழ் கடகடவென்று ஆடியது. அடுத்தது நான். எட்டி அவர் பூட்டைப் பிடித்தேன். மேனேஜரின் பூட்டு. சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி, விரல் நுனியால் லேசாக இழுத்தேன்.

"நல்லா இழுங்க சார்" என்றார் அவர்.

இழுத்தேன். இருந்தாலும் அந்த முதல் தொடுதல் அங்கே நடந்துவிட்டதே, அதை இரண்டு பேரும் பார்த்துவிட்டோமே.

ரைஸ் மில் லாரி ஒன்றில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன். ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி கேட்டார். சரக்குப் பார்க்க ஆள் வந்தார்கள் என்றேன். அத்தனை மாதம் புலம்பிக் கேட்ட சாவி அன்றைக்கு என் பையிலேயே இருந்தது. அவரிடம் எடுத்துக் காட்டவில்லை.

மறுநாள் டீச்சரம்மா ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வந்தார். தங்கைக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எல்லோர் கையிலும் சர்க்கரை போட்டுக்கொண்டே வந்தவர், மேனேஜர் கையிலும் போட்டார். அவர் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். முந்தைய நாள் சிவந்த முகம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கடைசியாக என்னிடம் வந்தார். சர்க்கரையைப் போட்டுவிட்டு, காலிக் கையை நீட்டினார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். கொடுத்தீர்களா என்று கேட்கவில்லை. நான் சாவியை வைத்தேன். விரலை மூடியவர், "இன்னா சார், பஸ்ல கையிலயே புடிச்சிகினு வந்தீங்களா? சுடுது" என்றார். இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். வளையலில் பட்டுச் சத்தம் கேட்டது. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்ட அந்தப் பெருந்தன்மைமேலும் எனக்குப் பொறாமை வந்தது.

மேனேஜர் மாற்றலாகிப் போனார். சில வருடங்கள் கழித்து டீச்சரம்மாவும் கணவரின் வேலைக்காக வெளியூர் போனார். போகிற அன்று அடுத்து வந்த மேனேஜர் சாவியை என்னிடம் கொடுத்தார், வயதில் மூத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக. அந்தப் பச்சை நூல் வெளுத்துப் பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. நான் மாற்றவில்லை.

இந்த மேனேஜரும் அவ்வப்போது கேட்பார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். முடியாது சார் என்று நானும் சொல்கிறேன். ஆனால் அது எனக்கு வாயில் இயல்பாக வரும் வார்த்தை இல்லை. காலையில் பஸ் சந்தவாசலை விட்டுக் கிளம்பும்போதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பழகிக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்திருக்கலாம். கேட்கிற நேரத்தில் நான் சாவியைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பேன். தங்கை வலியில் துடிக்கும்போதும், வாசலில் சைக்கிள் மணி அடிக்கும்போதும், மழை வருகிறது என்கிற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்ன பெண்ணை நினைத்துக்கொள்வேன். அப்புறம்தான் வாய் திறக்கும்.

நான் ஆசைப்பட்ட சாவி இன்றைக்கு என்னிடம்தான் இருக்கிறது. கேட்கும்போது அதைத் தராமல் இறுக மூடிக்கொள்ளும் அந்தக் கை மட்டும் இன்னமும் டீச்சரம்மாவுடையது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.